வரவில்லை என்று ஒரு வரி

என் மனைவியின் தம்பியோடு கடைக்குப் போவதென்றால் எனக்குக் கூச்சமாக இருக்கும். சிதம்பரத்தில் அவன் வீட்டுத் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. ஒருநாள் அங்கே கடலைப் பருப்பு இருக்கிறதா என்று கேட்டான். கடைக்காரர் நல்ல மனிதர். "சாயந்தரம் லோடு வந்துரும் சார்" என்றார்.

"சாயந்தரம் சங்கதி சாயந்தரம். இப்ப இருக்கா?"

"வண்டி கெளம்பிடுச்சி சார், வந்துரும்."

"அப்ப இல்ல."

"அப்பிடி இல்ல சார்..."

"அண்ணே, இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் அடுத்த கடைக்குப் போயிடுவேன். அதுல உங்களுக்கு என்னா நஷ்டம்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ரோட்டில் நின்ற மாட்டைப் பார்த்தேன். கடைசி வரைக்கும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. நாங்கள் அடுத்த கடைக்குப் போனோம்.

அவனுக்குக் கண் தெரியாது. கண் தெரிந்தவன் அலமாரியைப் பார்த்தால் போதும், பருப்பு இல்லாதது தெரிந்துவிடும். அவனுக்கு யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இது எனக்குப் புரிவதற்கே பல வருஷம் ஆயிற்று. அதுவரை அவனைப் பிடிவாதக்காரன் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெயரைப் போடவில்லை. அவன் உயிரோடுதான் இருக்கிறான், யாராவது இதை அவனுக்குப் படித்துக் காட்டினாலும் காட்டுவார்கள். ஆனால் நான் எழுதுவது கடைக்காரரோடு மல்லுக்கு நின்ற அந்தப் பழைய ஆளைப் பற்றி. அந்த ஆளை இப்போது அந்த வீட்டில் காணோம்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெரியப்பா முறையுள்ள ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான். அவர் யாரோ கூப்பிட்டார்கள் என்று சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டார். இவன் காலி நாற்காலியைப் பார்த்து ரொம்ப நேரம் பேசியிருக்கிறான். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பேச்சுக்கு நடுவே "இருக்கீங்களா?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. எழுந்து போகிறவர்கள் போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நம் ஊரில் யார் போறேன் என்று சொல்கிறார்கள்? வரேன் என்றுதான் சொல்வார்கள். "வரேன்னு சொன்னா வரீங்களா போறீங்களான்னு எனக்கு எப்பிடி மாமா தெரியும்?" என்று என்னையே மடக்குவான். நான் வேண்டுமென்றே, "போறேன்டா மச்சான், போயே போறேன்" என்று வாசல்படியில் நின்று கத்துவேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். பம்பு, வால்வு, குழாய் என்றால் என்னிடம் கேட்கலாம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் தூரம். இனி எழுதப்போகும் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அவன் சொல்லிக் கேட்டதுதான்.

அவனுடைய பிரவுசர் எழுத்தை மட்டும் காட்டும். படம் கிடையாது, கலர் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அந்த எழுத்தை ஒரு குரல் அவனுக்குப் படித்துச் சொல்லும். அவன் பழக்கத்துக்கு அதை அவ்வளவு வேகமாக ஓட விட்டிருப்பான், எனக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். செய்தி, மழை எச்சரிக்கை, ரயில் நேரம் எல்லாம் அவன் அதில்தான் படித்தான். யாரையும் எதையும் படித்துச் சொல்லச் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட ஸ்கேன் மெஷினுக்கடியில் வைத்து, அந்தக் குரலில் தானே படித்துக்கொண்டு, "மாப்பிள்ளை பேருல எழுத்துப் பிழை இருக்கு மாமா" என்பான்.

பிறகு பக்கங்கள் வெறுமையாக வர ஆரம்பித்தன. ஏன் என்று கேட்டதற்குப் பந்தியை வைத்துச் சொன்னான்.

"முன்னயெல்லாம் இலை வரும்போதே சோறும் கொழம்பும் சேந்து வரும் மாமா. இப்ப வெறும் இலைய அனுப்புறாங்க. கூடவே பரிமாற ஒரு ஆளு வரான். அவன் பேரு ஸ்கிரிப்ட். பெரிய பிரவுசருங்க அவன உள்ள விடுது, அவன் பரிமாறுறான். என்னுதுக்கு அவன் பாஷை தெரியாது. அதனால எனக்கு இலைதான்."

"அவனையும் உள்ள விட்டுட வேண்டியதுதான?"

"அவன் நடமாடணும்னா வூட்டயே இடிச்சிக் கட்டணும். அப்பறம் அது இந்த வீடா இருக்காது. பரிமாறுறதோட நிப்பானா? பீரோவத் தொறந்து பாப்பான்."

அந்தப் பிரவுசரைக் கம்பெனி எதுவும் செய்யவில்லை. பல தேசங்களில் இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் மெயிலில் பேசிக்கொண்டு செய்தார்கள். இவனும் அதில் ஒருத்தன். ஸ்கிரிப்டை நம்பி வருகிற பக்கத்தை என்ன செய்வது என்று அவர்களுக்குள் சண்டை. சின்னதாகவாவது ஸ்கிரிப்டை ஓட்டிவிடலாம் என்றது ஒரு கட்சி. வெறும் பக்கம் அனுப்பினால் அது அனுப்பினவன் தப்பு, வந்ததைக் காட்டுவதோடு நம் வேலை முடிந்தது என்றது இன்னொரு கட்சி. இவன் இரண்டிலும் சேரவில்லை.

"வந்ததக் காட்டு, சரி. வராதத வரலன்னு சொல்லு" என்பான் என்னிடம், நான் என்னவோ எதிர்க்கட்சி மாதிரி. "வெறும் திரையக் காட்டுனா கண்ணு தெரியாதவன் என்னான்னு நெனைப்பான்? இவ்வளவுதான் பக்கம்னு நெனைப்பான். சேதியே இல்லன்னு போயிடுவான். சொன்னாப் போதும் மாமா. இல்லன்னு தெரிஞ்சிட்டா நான் என் வழியப் பாத்துப்பேன்."

இந்த வெறி அவனுக்குச் சும்மா வரவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் அடுப்படியில் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அரிசி தீர்ந்து போனால் அரிசி நிறைந்திருக்கிறது என்பார்கள். உப்பு, எண்ணெய், மஞ்சள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கேட்டவர் பானையை எட்டிப் பார்த்துப் புரிந்துகொள்வார். என் மாமியார் இதில் கெட்டி. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அவர் வாயில் இல்லை என்ற சொல்லே வராது.

அவனுக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருந்த காலம் அது. சிதம்பரத்தில் படிப்பை முடித்துவிட்டுக் கீரப்பாளையத்தில் அம்மாவோடு இருந்தான். ஒரு கண் முன்பே போய்விட்டது. இன்னொரு கண்ணிலும் அழுத்தம். சொட்டு மருந்து விட்டு விட்டுத்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். மருந்து கடலூரில்தான் கிடைக்கும். நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். மாமியார் அதை ஃபிரிட்ஜில் வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பார்.

கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மருந்து வாங்கி வரட்டுமா என்று போன் செய்தேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்படிக்குக் குரல் கொடுத்தான். "அம்மா, சொட்டு மருந்து இருக்கா?" அவர், "நெறஞ்சிருக்குப்பா" என்றது எனக்கும் கேட்டது. அரிசிக்குச் சொல்கிற வார்த்தையை மருந்துக்கும் சொல்லுவார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. "நெறைய இருக்காம் மாமா, மழையில நீங்க அலைய வேணாம்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மழை வலுத்துவிட்டது. கையிலிருந்த புட்டி தீர்ந்து அவன் புதுப் புட்டி கேட்டபோது, "வெள்ளிக்கெழமையே சொன்னனேப்பா" என்றிருக்கிறார். அதற்குள் ரோடெல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது கண் சிவந்து தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என்றைக்கு இருந்தாலும் போகக்கூடிய கண்தான் என்றும் அந்த டாக்டர் சொன்னார். அவன் அதைக் கேட்டுவிட்டு, "இருக்கலாம்" என்றான்.

அம்மாவை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் தானாகவே மாறினார். பிழைப்புக்காக இருவரும் சிதம்பரத்துக்கு வாடகை வீட்டுக்கு வந்த பிறகு அங்கே அரிசி இல்லை, உப்பு இல்லை, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்கும். அதைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பழைய பொய்யையே சொல்லிவிட்டுப் போங்களேன் அத்தை என்று சொல்லத் தோன்றும்.

மெயில் சண்டையில் கடைசியில் அவன்தான் ஜெயித்தான். ஸ்கிரிப்டை நம்பிய பக்கம் என்று தெரிந்தால் பிரவுசர் முதலில் அதைச் சொல்ல வேண்டும், அப்புறம் வந்த எழுத்து, இணைப்புகள் என்று கிடைத்ததைக் கீழே வரிசையாகக் காட்ட வேண்டும் என்று முடிவானது. ஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கென்று பக்கத்தைச் செய்தவர் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதற்கு முதல் மரியாதை. அப்படி ஒரு வரி எழுதியிருக்கிற பக்கம் கிடைத்தால், பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்த மாதிரி சந்தோஷப்படுவான்.

தமிழில் அந்த அறிவிப்பை அவன்தான் எழுத வேண்டும். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன் கூடத்தில் உட்கார்ந்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தான்.

"காலியா இருக்குன்னு போடேன்" என்றேன்.

"அது பொய் மாமா. அங்க இருக்கு. எனக்கு வரல. காலி வேற, வராதது வேற."

என் மனைவி அடுப்படியிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா இல்ல, வரலன்னு எழுதிக்கிட்டு. கொஞ்சம் பொறுக்கவும்னு போடுடா, மரியாதையா இருக்கும்" என்றாள்.

"பொறுத்தா வருமாக்கா?"

"வராதா?"

"வராது."

"அப்ப எதுக்குப் பொறுக்கணும்" என்று அவளே சொல்லிவிட்டு வடையைத் திருப்பிப் போட்டாள்.

கடைசியில் அவன் எழுதியது இது: இந்தப் பக்கத்தில் உள்ளதை ஒரு ஸ்கிரிப்ட் கொண்டுவர வேண்டும்; அது இங்கே இயங்காது; ஆகவே வரவில்லை; வந்தது மட்டும் கீழே. திரும்பத் திரும்ப அந்தக் குரலை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டான். எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து நானும் நன்றாக இருக்கிறது என்றேன்.

வேலைக்குக் கடலூரில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. வீட்டுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிறவர்கள். வாங்கினவர்கள் எழுதுகிற புகாரெல்லாம் ஒரு பக்கத்தில் வரும். படித்துப் பதில் போட வேண்டும். பக்கத்தில் எழுத்தும், பதில் எழுத ஒரு கட்டமும், அனுப்ப ஒரு பட்டனும்தான் இருந்தன. அவனுடைய பிரவுசருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சிதம்பரத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தான். அவன் பதிலெல்லாம் அவனை மாதிரியே இருக்கும். 'நீங்கள் கேட்ட பாகம் எங்களிடம் இல்லை. எப்போது வரும் என்று தெரியாது. வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்.' மேனேஜர் பதறிப்போய் 'விரைவில்' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்வார். இவன் சேர்க்க மாட்டான். ஆனால் இவனிடம் பதில் வாங்கியவர்கள் மறுபடி புகார் எழுதுவதில்லை என்பதால் அவனை விட்டு வைத்திருந்தார்கள். அந்த வேலையில் வந்ததை வைத்துத்தான் வாடகையும் அம்மாவின் மாத்திரையும். அதில் அவனுக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் அந்தப் பக்கத்தைப் புதிதாக மாற்றினார்கள். காலையில் உட்கார்ந்து திறந்தான். அவன் எழுதிய வரியை அந்தக் குரல் அவனுக்கே படித்துக் காட்டியது. கீழே கம்பெனி பெயர் மட்டும் இருந்தது.

கம்பெனி மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் கேஸ் புக்கிங், கரண்ட் பில், பேங்க், மழை எச்சரிக்கை எல்லாம் ஒவ்வொன்றாக அப்படி ஆகிவிட்டன. நாள் பூராவும் அவன் அந்த வரியையே கேட்டுக்கொண்டிருந்தான். "வரலன்னு தெளிவாத்தான் சொல்லுது மாமா" என்றான். சிரிக்கவில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு கடலூர் ஆபீசுக்குப் போனேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருந்தது. மேனேஜர் சின்ன வயசுக்காரர், தங்கமான ஆள். டீ வரவழைத்தார்.

"புது பேஜ்ல என்னா சார் பிரச்சனை? செம ஃபாஸ்ட்டா இருக்கே."

"எனக்கு ஒண்ணும் வரல சார். பெரிய பிரவுசர்லயும் போட்டுப் பாத்துட்டேன். பட்டன், பட்டன், பட்டன்னு படிக்குது. எந்தப் பட்டன் எதுக்குன்னு பேரு வைக்கல. பழைய பேஜ் ஓரமா ஒண்ணு இருந்தாப் போதும் சார்."

"நல்ல ஐடியா சார். டீம்ல சொல்றேன்."

"முடியுமா, முடியாதா?"

"பாக்கறோம் சார்."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. கோச்சிக்க மாட்டேன். வேற வேலை தேடிக்குவேன்."

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்ல சார். நீங்க எங்க ஃபேமிலி. கண்டிப்பா பாக்கறோம்."

இவன் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். எனக்கு மேனேஜரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். வெளியே வரும்போது அவரே குனிந்து இவன் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். கையைப் பிடித்துப் படியில் இறக்கி விட்டார்.

வேலையை விட்டு நிறுத்தினார்களா என்றால் அதுவும் இல்லை. புகார் வரவில்லை, அவ்வளவுதான். பதிலுக்குத்தான் கூலி, அதனால் கூலியும் வரவில்லை. போன் செய்தால், அடுத்த மாற்றத்தில் சரியாகிவிடும் சார் என்பார்கள். வேறு வேலை பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்தேன் மாமா. விண்ணப்பம் போடற பேஜும் வரல" என்றான்.

அந்த மழைக்காலத்தில் மெயிலில் ஒரு சேதி வந்தது. இப்போது ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் அந்த அறிவிப்பு வந்து தொல்லையாக இருக்கிறதாம். அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவன், பதில் போடவில்லை. எடுத்துவிட்டார்கள். அதை அவன் என்னிடம் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் ஓடவில்லை. மாமியார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவன் தம்ளரைத் தள்ளி வைத்தான்.

"மாமா, உங்க போன்ல எங்க கம்பெனி பேஜத் தொறங்க."

இத்தனை வருஷத்தில் அவன் என்னைப் படிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கேட்காமலே பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். தெருக்கதவு திறந்துதான் இருந்தது. அவன் குரலைத் தணிக்கவில்லை.

பக்கம் திறந்தது. அழகாகத்தான் இருந்தது, நீலக் கலரில். பதில் போடுகிறவர்களின் பெயரும் போட்டோவும் வரிசையாக இருந்தன.

"என் பேரு இருக்கா?"

மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். "இல்ல மச்சான்" என்றேன். உடனே சொல்லிவிட்டேன். அவனிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும், அதைத்தானே வாழ்நாள் முழுக்கக் கேட்டான் என்று நினைத்தேன். சரி மாமா என்று எழுந்துவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் எழவில்லை. "கீழ வரைக்கும் பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான்."

"அது ஸ்கிரிப்ட்டு மாமா. சில நேரம் லேட்டா வரும்." அவன் கை என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "மூடாதீங்க. கொஞ்ச நேரம் அப்பிடியே வச்சிருங்க."

வைத்திருந்தேன். மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரை அணையப் போகும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பினேன்.